உட்காரத் தெரியாத கண்டக்டர்

"அந்தோணி, அவுத்து விடுடி! காலு மரத்துப் போச்சு!"

"இப்பத்தான பம்பாய்லேந்து கெளம்பியிருக்கீங்க? அதுக்குள்ள அவுக்கச் சொன்னா எப்படி?" என்றாள் அந்தோணிமேரி, கீரை ஆய்ந்தபடி.

பிலோமின்ராஜ் வாசலில் நாற்காலியோடு கட்டுண்டு கிடந்தார். கட்டியிருந்தது அவருடைய பழைய கண்டக்டர் பையின் தோல்வார். காரைக்கால்–நாகப்பட்டினம் பஸ்ஸில் நின்றே பழகிய உடம்பு அது. கல்யாணப் பந்தியில்கூட ரசம் வருவதற்குள் எழுந்துவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்குப் பாரீசிலிருந்து தங்கை சலோமி டிக்கெட் அனுப்பியிருந்தாள். அவள் பிள்ளைக்கு ஞானஸ்நானம், தாய்மாமன்தான் ஞானத்தகப்பன். இவர் போகாவிட்டால் பிள்ளையைக் கையில் வாங்க மாப்பிள்ளையின் அண்ணன் தயாராக நின்றான். விட்டுக்கொடுப்பாரா?

விமானத்தில் உட்கார்ந்து பழகும் இந்தப் பயிற்சிக்கு யோசனை சொன்னவர் பக்கத்து வீட்டு நூகு. துபாய்க்கு ஆறேழு தடவை போய் வந்தவர். விமானத்தைப் பற்றிச் சந்தேகம் என்றால் தெருவே அவரிடம்தான் போகும்.

"என்னா மிசினுங்கிறீங்க! ஒரு தெருவே எந்திரிச்சுப் பறக்குறாப்ல இருக்கும். ஆனா பெல்ட்டப் போட்டா போட்டதுதான். பாரீசு வரைக்கும் நடுவுல எங்கயும் நிக்காது. நீங்க எந்திரிச்சா அது ஒரு பக்கமா சாஞ்சிரும். கொமட்டுச்சுன்னா கம்பியப் புடிச்சுக்கிட்டுக் காத்து வாங்கவும் முடியாது!"

அதனால்தான் நாற்காலி. வீட்டுக்குள் புழுங்குகிறது என்றார்; வாசலுக்கு வந்தது. மேலே குளிருமாம் என்று அந்தோணிமேரி கம்பளியையும் போர்த்திவிட்டாள். சித்திரை வெயில்!

அந்த நேரம் பார்த்து அவருடைய பஸ் அந்தப் பக்கம் வந்தது. டிரைவர் நீலமேகம் பிரேக்கை மிதித்தார். பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தது.

"என்னாண்ணே இது கோலம்?"

"ஆகாயத்துல பறந்துக்கிட்டு இருக்கேன்யா. அப்புறமா வா!"

போதாதா? நீலமேகம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சொட்டுக் கண்ணீரோடு சேதியையும் இறக்கிவிட்டுப் போனார். எதிர்வீட்டு சகாயம்மாள் ஓடிவந்து வேளாங்கண்ணி எண்ணெயை உச்சந்தலையில் வைத்துத் தேய்த்தாள். யாரோ டாக்டரையே கூட்டி வந்துவிட்டார்கள். ஊசியைக் கண்டதும் பிலோமின்ராஜ் எழுந்து ஓடினார். நாற்காலியும் கூடவே ஓடியது.

"இந்த நெலமைல இவர ப்ளேன்ல ஏத்தாதீங்கம்மா" என்றார் டாக்டர்.

பிலோமின்ராஜ் தெருவென்றும் பாராமல் அழுதுவிட்டார். "என் தங்கச்சி புள்ளய எவனோ வாங்குறதா?"

அந்தோணிமேரிக்குப் பொறுக்கவில்லை. டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பினாள். வாரை அவிழ்த்துக் கொடியில் வீசினாள்.

"நின்னுக்கிட்டே போங்க. ப்ளேன் சாஞ்சா சாயட்டும். புள்ளய நீங்கதான் வாங்கணும்!"

வாங்கினார். ஒரு மாதம் கழித்து ஊர் திரும்பியதும் தெருவே அவர் வீட்டில் கூடிவிட்டது.

"சாயவே இல்லீங்க! பெல்ட்ட அவுக்கலாம்னு வெளக்கு காட்டுனாங்க, எந்திரிச்சேன். பாரீசு வரைக்கும் நடைதான். நம்ம பஸ்ஸு மாதிரியே நடுவுல வழி. 'டிக்கெட்'னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அடேயப்பா, மேகமெல்லாம் காலுக்குக் கீழ கெடக்கு! சூரியன் கூடவே வருது, பொழுதே சாய மாட்டேங்குது. அத்தன பேருக்கும் அந்தரத்துல சுடச்சுடச் சாப்பாடு. டம்ளர்ல தண்ணி அசையலீங்க! அத ஓட்டுறவன் கையக் கண்ணுல ஒத்திக்கணும்."

நூகு நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். "கொமட்டலையா?"

"இல்லண்ணே."

"காது?"

"கொஞ்ச நேரம் அடைச்சுது. எச்சி முழுங்குனேன், சரியாப் போச்சு."

"எறங்கையில வயித்தக் கலக்குமே?"

"ஒரு தூளி ஆட்டம், அவ்வளவுதான்."

குரு சிஷ்யனுக்குப் பரீட்சை வைக்கிறார் என்று தெரு பூரித்துப் போயிற்று.

தேத்தண்ணி கொண்டுவந்த நூகுவின் மனைவி ஆஸியா பீவி தட்டை நங்கென்று வைத்தாள்.

"எல்லாத்தயும் கேட்டுக்கிட்டீங்கள்ல? இந்தத் தடவையாச்சும் கப்பல்ல போவாம, அவரு மாதிரி ப்ளேன்ல ஏறுங்க!"