மலைவேம்பு நிழலில் ஒரு மடக்கு நாற்காலி

முந்திச் சேர்பவர் என்று ஓர் இனம் உண்டு. ஊர் சுற்றப் புறப்பட்டவர்தான், ஆனால் எந்த ஊரையும் சுற்றமாட்டார். மற்றவர்களுக்கு முன்னால் அடுத்த ஊருக்குப் போய்ச் சேருவார். அவ்வளவுதான்.

குவாண்டில்லாவில், சக்கரம் வைத்த வீட்டோடு ஊர் சுற்றுகிறவர்கள் தங்கும் எங்கள் கேரவன் பார்க்கின் வரவேற்பு மேசையில் இருப்பதால் நான் இவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஓய்வுபெற்ற மறுவாரமே வீட்டைப் பூட்டி, காரின் பின்னால் கேரவனை மாட்டி, அதன் முதுகில் ‘அவசரமில்லை’ என்று வளைத்து வளைத்து எழுதவைத்து, கங்காருக்கள் இன்னும் சாலையை விட்டு விலகாத இருட்டில் வண்டியைக் கிளப்பி, வழியில் இருக்கிற நாலு சிற்றூர்களையும் கண்ணாடி வழியே பார்த்து முடித்து, நான் கதவைத் திறப்பதற்குள் வாசலில் வந்து நிற்பார்கள். எதற்கு? நிழலுக்கு. எந்த பார்க்கிலும் உருப்படியான மரம் ஒன்றுதான் இருக்கும். எங்களிடம் இருப்பது ஒரு மலைவேம்பு.

இடம் கிடைத்ததும் அவர் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு, பின்னால் வருகிறவர்கள் வண்டியைப் பின்னோக்கி எடுப்பதை வேடிக்கை பார்ப்பார். மனைவி பின்னால் நின்று கை காட்ட, கணவர் பக்கக் கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்துச் சக்கரத்தை ஒடிக்க, நாற்பது வருட மணவாழ்க்கை அந்த ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். இங்கே சினிமா கொட்டகை கிடையாது. தேவையும் இல்லை.

மெர்வ் ஹாட்ரில் இந்த இனத்தின் தலைமகன். பெண்டிகோவில் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்தவர். அவர் மனைவி க்ளெனிஸுக்கு முதுகுவலி. அதனால் பின்சீட்டில் தலையணை, போர்வையோடு சாய்ந்துதான் பயணம். மூன்று வருடங்களாக அந்த அம்மாளுக்கு ஒரே ஓர் ஆசை. குவாண்டில்லாவுக்கு முந்தின ஊரான டிர்ராவீயில், மாதத்தின் முதல் சனிக்கிழமை, மாதர் சங்கத்துக் கூடத்தில் ஸ்கோன் என்ற குட்டி ரொட்டி பரிமாறும் தேநீர் விருந்து நடக்கும். அதை நடத்துகிற பெரில், க்ளெனிஸோடு ஒரே பெஞ்சில் படித்தவள். அவள் எதிரில் உட்கார்ந்து ஒரு ஸ்கோனாவது சாப்பிட வேண்டும்.

“திரும்பி வரும்போது பாத்துக்கலாம், க்ளென்.”

“நீ திரும்பி வரும்போது வேற ரோட்டுல வருவே.”

“அந்த ரோட்டுல கூட்டம் கம்மி.”

போன அக்டோபரில், முதல் சனிக்கிழமையன்று, டீசல் போட டிர்ராவீயில் நின்றார்கள். மெர்வ் தானே போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற இளம் தம்பதிக்கு, கேட்காமலே, செம்மண் சாலையில் டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று பாடம் நடத்தினார். அப்போது பெரிய வெள்ளைக் கேரவன் ஒன்று நிற்காமல் அவர்களைத் தாண்டி குவாண்டில்லாப் பக்கம் போனது. மலைவேம்பைத் தேடித்தான் போகிறது. வேறு எதற்குப் போகும்? பாடத்தைப் பாதியில் விட்டு மெர்வ் பாய்ந்து ஏறினார்.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். டீசல் தரம், அரசாங்கம், மகன் வாங்கிய வீடு. பின்சீட்டிலிருந்து ஒரு மறுப்பும் வரவில்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு இனிமையான உரையாடல் அமைந்ததில்லை என்று பிறகு என்னிடமே சொன்னார். வெள்ளைக் கேரவனையும் முந்திவிட்டார்.

மரத்தடி காலியாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு மடக்கு நாற்காலிகள் அவர் பக்கம் திரும்பின. வண்டியை வாகாக நிறுத்தி, பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். கை தெரியவில்லை.

“க்ளென், இடதா வலதா?”

ஒருமுறை ஹாரன் அடித்தார்.

“கோச்சுக்கிட்டது போதும். இறங்கு.”

இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். தலையணை இருந்தது. போர்வை இருந்தது. சார்ஜில் போட்ட க்ளெனிஸின் போன் இருந்தது.

“என்ன மெர்வ், பொண்டாட்டிய எந்த ஊர்ல இறக்கிவிட்டே?” என்றார் ஒரு நாற்காலிக்காரர்.

“எனக்கும் அந்த ஊர் பேரைச் சொல்லிட்டுப் போ,” என்றார் அடுத்தவர். அவர் மனைவி அவரைப் பார்த்தாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அந்த நேரத்தில் என் மேசை போன் அடித்தது.

“கண்ணு, அங்க ஒரு கிழவன் தலையணையோட பேசிக்கிட்டு நிப்பான். அவன்கிட்ட சொல்லு, நான் பெரில்கூட இருக்கேன். கழிவறையிலிருந்து வெளிய வந்தேன், வண்டி புழுதி கிளப்பிட்டுப் போகுது.”

“நீங்க கையக் காட்டலையா?”

“கைப்பை கையில இருந்துச்சு, கண்ணு.” பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. “அவசரமில்லைன்னு சொல்லு. வண்டி முதுகிலயே எழுதியிருக்கு.”

போய்ச் சொன்னேன். மெர்வ் முகத்தில் ரத்தம் திரும்பியது. ஓடி ஏறியிருக்க வேண்டும், இல்லையா? சாலையைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். வாசலில் அப்போதுதான் நுழைந்த வெள்ளைக் கேரவனைப் பார்த்தார். பிறகு மடக்கு நாற்காலியை எடுத்து நிழலின் நட்டநடுவில் விரித்துவைத்து, தன் தொப்பியை அதன் மேல் வைத்துவிட்டுத்தான் மனைவியை அழைத்துவரப் போனார். எங்கள் ஊர்ப் பக்கம், இடம் பிடித்துப் போட்ட நாற்காலியை யாரும் தொடமாட்டார்கள். அதுதான் சட்டம். வெள்ளைக் கேரவன் குப்பைத் தொட்டி ஓரத்தில், யாருக்கும் வேண்டாத வெயிலில் போய் நின்றது.

அவர் போய், பெரிலிடம் திட்டு வாங்கி, ஜாமும் க்ரீமும் வைத்து இரண்டு ஸ்கோன் தின்னவைக்கப்பட்டு, க்ளெனிஸோடு திரும்பிவர மாலை நான்கு மணி ஆகிவிட்டது. க்ளெனிஸ் இறங்கிப் பின்னால் நின்று கை காட்டினாள். ஒரே எடுப்பில் வண்டி இடத்தில் உட்கார்ந்தது.

ஆனால் சூரியன் காத்திருக்கவில்லை. மலைவேம்பின் நிழல் குப்பைத் தொட்டிப் பக்கம் நகர்ந்து, வெள்ளைக் கேரவன் மேல் பாய் விரித்துப் படுத்திருந்தது. மெர்வின் நாற்காலி நல்ல வெயிலில், தொப்பி போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தது.

“காலையில பிரமாதமான நிழல்,” என்றார் மெர்வ்.

க்ளெனிஸ் தன் நாற்காலியையும் ஸ்கோன் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வெள்ளைக் கேரவன்காரர்களிடம் போய் உட்கார்ந்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. கல்யாணப் பந்தியில் ஒருவர் பாயசம் குடித்து முடிப்பதற்குள் அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டை எறிந்தது யார்? இந்தக் கதையிலும், எப்படி முடிகிறது பார்க்கலாம் என்று நடுவில் இருக்கிற ஊர்களையெல்லாம் தாண்டி நேராக இந்தக் கடைசி வரிக்கு வந்தவரா நீங்கள்? அப்படியானால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பின்சீட்டை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.