மருமகள் அனுப்பிய நூறு கோடிக் கிருமிகள்

இராஜபாளையம்,
14.5.1991

அருமை மகன் அகமது கபீருக்கு அத்தா ஜெய்னுலாப்தீன் சொல்ல, அடுத்த வீட்டுச் சீனியம்மாள் எழுதியது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையில் நானும் பேத்தி அசீனாவும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறோம். பம்பாயில் நீயும், பிரசவம் வரை எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் படுக்க வைத்திருக்கும் மருமகள் சௌதாவும் அப்படியே இருக்க துவாச் செய்கிறேன்.

நிற்க. மருமகள் கடிதத்தைச் சீனியம்மாள் மூன்று தடவை வாசித்தாள். எனக்கு ஒரு தடவையே போதும், அத்தனையும் மனப்பாடம். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும், பழைய சோற்றைக் கண்ணில் காட்டக் கூடாது, அடுத்த வீட்டு மோர் ஆகாது, அனுப்பியிருக்கும் பொடி அடைத்த மாத்திரை தினம் ஒன்று. அதில் நூறு கோடி நல்ல கிருமி உயிரோடு இருக்கிறதாம், வயிற்றைக் காக்குமாம். பிள்ளைக்கு ஒரு நாள் வயிற்றுவலி என்று காதில் விழுந்தாலும் மேலப்பாளையத்தில் தன் அம்மா வீட்டுக்கு மாற்றிவிடுவாளாம். கொதிக்க வைத்துக் கிருமியைக் கொன்ற தண்ணீரிலேயே நூறு கோடிக் கிருமியைக் கொடுக்கச் சொல்கிறாளே என்று கொஞ்சம் மலைத்தேன். ஆனாலும் கொடுத்தேன். பிள்ளை துப்பினாள், கோழி தின்றது. கோழிக்கு ஒன்றுமில்லை, முன்னைவிட மிடுக்காக நடக்கிறது.

அன்று சாயங்காலம் பூனை தயிர்ச் சட்டியை உருட்டிவிட்டது. விடிந்தால் தயிர்ச்சோறுதான் வேண்டும் என்று பிள்ளை அழுகை. மருமகள் மன்னிக்கட்டும், பாலில் ஊற்ற ஒரு கரண்டி உறைமோர் கேட்டுச் சீனியம்மாள் வாசலில் போய் நின்றேன். "விளக்கு வச்சாச்சு பாயண்ணே, இப்பம் உறைமோர் குடுத்தா வீட்டு லச்சுமி போயிருவா" என்றாள். "ஏட்டி, எங்க போவா? சுவருக்கு இந்தப்பக்கம் என் வீட்டுக்குத்தானே வருவா, காலையில திருப்பி அனுப்பிருதேன்" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். (இதையும் எழுதுட்டி என்கிறேன், முறைக்கிறாள்.) வேறு வழியில்லாமல் மருமகளின் மாத்திரையில் நாலை உடைத்து வெதுவெதுப்பான பாலில் கொட்டி மூடிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் கத்தி போட்டு அறுக்கலாம், அப்படித் தயிர்! பம்பாய்த் தயிர் என்று பேச்சுக் கிளம்பி, சந்தனம் வீடு, அய்யம்மாள் வீடு, சுடலையம்மாள் வீடு என்று எல்லோரும் கிண்ணத்தோடு வந்து உறைக்கு வாங்கிப் போனார்கள். உன் மனைவியின் கிருமி இப்போது தெரு பூராவும் குடித்தனம் செய்கிறது.

போன செவ்வாய்க்கிழமை பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, "நன்னா" என்று என்னைக் கூப்பிட்டு, "வலிக்கி" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறைப்பானேன், அன்று காலை சீனியம்மாள் வீட்டில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் தின்றிருந்தாள். மேலப்பாளையம் என் கண் முன்னால் வந்து நின்றது. தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளைகள் டாக்டரிடம் ஓடினேன். அவர் அங்கே இங்கே அமுக்கிப் பார்த்துவிட்டு, "வயித்துல ஒண்ணுமில்ல பாய். பாவாடை நாடாவ யாரு இம்புட்டு இறுக்கிக் கட்டுனது?" என்றார். நான்தான். அவிழ்ந்து விழுந்துவிடக் கூடாதே என்று மூட்டைக்குப் போடுகிற முடிச்சுப் போட்டிருந்தேன். மாத்திரையைக் காட்டினேன். "நல்லா ஓடியாடுற பிள்ளைக்கு இது எதுக்கு? வீட்டுத் தயிரு, மோரு, இட்லி, சுத்தமா வச்ச பழைய சோறு, இதெல்லாம் போதும்" என்றார்.

நீ மட்டும் என்னப்பா? அறுபத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி அடைமழை, வெள்ளிக்கிழமை, உனக்கு மூன்று வயது. நீராகாரம் குடிக்கப் பழைய சோற்றுப் பானைக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டாய். ஜும்மாவுக்குக்கூடப் போகாமல் பானையை உடைத்து உன்னை எடுத்தேன், வெளியே வந்ததும் மீதிச் சோறு எங்கே என்று கேட்டாய். அந்த வயிறுதான் இன்று பம்பாயில் உத்தியோகம் பார்க்கிறது. ஆகவே மருமகளுக்குப் பதமாக எடுத்துச் சொல். பிரசவம் ஆகும் வரை பிள்ளை இங்கேயே இருக்கட்டும். எனக்காகக் கேட்கவில்லை, நான் பாட்டுக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாகத்தான் இருக்கிறேன். கோழிதான் அவளைத் தேடும்.

தாயும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் தனித்தனியே நலமாகப் பிரிந்து, எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட ஆண்டவன் நாள் குறிக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தா (கைநாட்டு)

பின்குறிப்பு: தம்பி கபீரு, இது சீனி அத்தை. இதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டவில்லை. அன்று அவர் பள்ளிவாசலுக்குப் போனதும், பிள்ளை அழுதது மனசு கேட்காமல் அந்தப் பாலில் ஒரு கரண்டி மோரை நான்தான் ஊற்றினேன். கையில் கொடுத்தால்தானே லச்சுமி போவாள், ஊற்றினால் போக மாட்டாள். தெரு பூராவும் இருப்பது எங்கள் வீட்டு மோர்தான், மருமகளிடம் மாத்திரை என்றே சொல்லிக்கொள். பிள்ளை வயிறு கல்லைத் தின்றாலும் செரிக்கும். மேலப்பாளையம் என்று கடிதத்தில் வாசித்த நாளில் இருந்து அண்ணன்தான் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு மாத்திரை எதுவும் அனுப்ப வேண்டாம், பிள்ளை இருக்கட்டும் என்று நாலு வரி எழுதிப் போடு.