கழுத்துக்குள் சும்மா நிற்கும் ஒரு படை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். அந்தச் சுகத்தில் என் கழுத்தின் இடப்பக்கத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளாதே. போனில் சொன்னால் பாதியிலேயே பதறிப்போவாய் என்றுதான் கடிதம்.

சவரம் செய்யும்போது கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் ஆயுசெல்லாம் விசில் ஊதிய கழுத்து, நரம்பு புடைத்திருக்கும் என்று நானே வைத்தியனாகித் தீர்ப்பும் சொல்லிவிட்டேன். உன் அண்ணி என் தீர்ப்பை என்றைக்கு மதித்தாள்? ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கட்டியை முழுதாக எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு, கத்தி பிடிக்கப்போகும் டாக்டர் யாரென்று பார்த்தால், என்னிடம் டிரில் படித்தவன். ‘வலப்புறம் திரும்பு’ என்றால் பள்ளிக்கூடமே ஒரு பக்கம் பார்க்க, தான் மட்டும் இடப்புறம் பார்த்து நிற்பானே, அவனேதான். இவன் பக்கம் மாற்றி வெட்டிவைத்தால்? குளியலறைக்குள் போய், கண்ணாடியைப் பார்த்து மார்க்கர் பேனாவால் கட்டியின் மேல் ‘இங்கே’ என்று எழுதிக்கொண்டேன். எழுத்தெல்லாம் திரும்பிப்போய்விட்டது.

“சார், இது எந்த பாஷை?” என்றான், ஆபரேஷன் மேஜையில் குனிந்து பார்த்து.

“வெட்ட வேண்டிய எடம்டா.”

“நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டி இருக்கிற எடத்துலதான் சார் இருக்கும். கண்ணை மூடிக்கங்க.”

நன்றாகவே எடுத்தான். ஆறிவிட்டால் தழும்பு கூடத் தெரியாதாம். ஆனால் சோதனை முடிவு வந்தபோது, லிம்போமா, நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் என்றார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த இடத்தில் நாற்காலி இல்லை. உன் அண்ணியும் ஒரு நர்ஸும் சேர்ந்து தரையிலிருந்து தூக்கினார்கள். பெரும்பாலும் குணமாகிற வகைதான் என்று பெரிய டாக்டர் சொன்னது எனக்குத் தரையில் இருக்கும்போதே கேட்டது.

அடுத்த சிக்கல் இது. கெட்ட செல்களின் மேல் ஒரு ஏற்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஏற்பி என்றால் மருந்து வந்து பிடித்துக்கொள்ள ஒரு பிடி என்று வைத்துக்கொள். பிடி இருந்தால் சாயம் போட்டதும் பழுப்பாகத் தெரியும், புது மருந்து கொடுக்கலாம். என் திசுவில் பழுப்பே வரவில்லை. வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தவன், உன் அண்ணி மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் சாப்பிட எழுந்தேன். மறுநாள் காலையில் பரிசோதனைக்கூடத்து டாக்டரம்மா போன் செய்தாள். பழுப்பு கட்டாயம் வந்தே தீரும் என்று தெரிந்த வேறொரு திசுவையும் பக்கத்தில் வைத்துச் சாயம் போடுவார்களாம், அதிலும் வரவில்லையாம். கோளாறு சாயத்தில், என்னிடம் இல்லை. திரும்பப் போட்டதில் பழுப்பு வந்துவிட்டது. என்னால் நம்ப முடியவில்லை. கண்ணால் பார்த்தால்தான் ஆச்சு என்று உன் அண்ணியையும் கூட்டிக்கொண்டு நேரே போய் நின்றேன். பாவம், உள்ளே விட்டாள்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், தம்பி. நீல நிறத்தில் சின்னச் சின்னதாக ஒரே கூட்டம். நடுநடுவே அபூர்வமாக ஒரு தடியன், உடம்பைச் சுற்றிப் பழுப்புக் கரை கட்டிக்கொண்டு.

“அந்தப் பெரிசுதான் கெட்டது. சுத்தி நிக்கிறதெல்லாம் உங்க நோய் எதிர்ப்பு செல்கள்,” என்றாள் டாக்டரம்மா.

“இவ்வளவு பேரு இருக்காங்களே, அவனை ஏன் விட்டு வச்சிருக்காங்க?”

“அது இதுங்களை அடக்கி வச்சிருக்கு. கூட்டமா வந்ததுங்க எல்லாம் வேலை செய்யாம நிக்குதுங்க.”

எனக்கு வந்ததே கோபம். ஒரு பட்டாளமே நிற்கிறது, ஒருத்தனைத் தொட ஆள் இல்லை. விசில் இருந்திருந்தால் அங்கேயே ஊதியிருப்பேன். உன் அண்ணியும் எட்டிப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்துவிட்டு, “வீட்டுல சமையக்கட்டு வாசல்ல சும்மா நிப்பீங்களே, அதே நிலைதான். உங்க செல்லுதான், சந்தேகமே இல்ல,” என்றாள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

ஆகவே கவலைப்பட எதுவுமில்லை. மருந்துக்குப் பிடி கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை முதல் ஊசி. நான் மலை மாதிரி இருக்கிறேன். நீ லீவு போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டாம். வந்தால் ஆஸ்பத்திரியில் இருக்கிற அத்தனை பேருக்கும் யோசனை சொல்வாய், அப்புறம் எனக்கு யாரும் ஊசி போட மாட்டார்கள். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளை நிமிர்ந்து நடக்கச் சொல். எல்லோரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறை ஒட்டக் கோந்து தேடி உன் அண்ணி உள்ளே போயிருக்கிறாள். மலை, கிலை என்றதெல்லாம் அவள் பக்கத்தில் இருந்ததால் எழுதியது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு. நானாகக் கூப்பிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

தம்பி, இது அண்ணி. கோந்து என் கையிலேயேதான் இருந்துச்சு. நான் நின்னா அவர் இதை எழுத மாட்டார்னு உள்ளே போனேன். சீக்கிரம் வாங்க, எனக்கும் பயமாத்தான் இருக்கு. அவர்கிட்ட சொல்லிடாதீங்க.