மரத்துப்போன மோதிர விரல்

"இப்ப உணர்ச்சி இருக்கா?"

"இல்லையே, சீஃப்" என்றாள் ஃபெலிசா.

தியோதுலோ மனைவியின் மோதிர விரலை இன்னொரு தடவை கிள்ளினார். குளியலறையில் வழுக்கி விழுந்து முறிந்த மணிக்கட்டுக்குள் தகடு வைத்து, கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். விரல் நீலம் பாய்கிறதா, சில்லிடுகிறதா, மரத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், அசட்டையாக இருந்தால் கையே போய்விடும் என்று நர்ஸ் ஜோவலின் எச்சரித்திருந்தாள்.

அசட்டையா? தியோதுலோவா? கல்யாணமான நாளிலிருந்து பிலிப்பைன்ஸில், இலோய்லோ ஊர் வீட்டில் இருந்ததைவிடக் கடலில் இருந்ததே அதிகம். போன வருஷம்தான் கப்பலில் எல்லோரும் 'சீஃப்' என்று கூப்பிடும் தலைமை எஞ்சினியராக ஓய்வு பெற்றார். மலை மாதிரி எஞ்சினையே கட்டி மேய்த்தவருக்கு ஐந்து விரல் எம்மாத்திரம்!

"லேசா சில்லுனு இருக்கு. அவ்வளவுதான்" என்று வெந்நீரில் நனைத்த துண்டைச் சுற்றினார். கட்டு நனைந்தது.

"ஈரமாயிடுச்சே!"

"நான் எதுக்கு இருக்கேன்?" மகளின் முடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து முழு வேகத்தில் வைத்தார். விரல்கள் சிவந்தன. "பார்த்தியா, ரத்த ஓட்டம்!"

"ரத்த ஓட்டமா? வேகுது, சீஃப்!"

வீக்கம் வராமல் இருக்கக் கையை உயர்த்தவேண்டும். ஊஞ்சல் கொக்கியில் கயிறு மாட்டி, அவள் கையைத் தொங்கவிட்டார். அசைய முடியாதவளுக்கு அவரே பத்சோய் நூடுல்ஸ் சூப்பை ஊட்டினார். பாதி வாயில், பாதி கைக்கட்டின் மேல். அப்புறம் தோள் வலித்தது. தோளைப் பிடித்துவிட்டார்.

"இப்ப எப்படி?"

"தோள் சுகமா இருக்கு. விரல்தான்... இன்னும் கொஞ்சம் பிடிச்சுப் பாருங்களேன்."

விரலைப் பிடித்தார், தேய்த்தார், ஊதினார். உணர்ச்சியே இல்லையாம். நடுக்கடலில் எஞ்சின் நின்றபோதுகூட அசராதவர் செருப்பை இடம் மாற்றி மாட்டிக்கொண்டார்.

"கெளம்பு, ஃபெலி."

"எங்க? வேணாம், தானா சரியாயிடும்!"

"ஒரு வார்த்தை பேசக்கூடாது!"

டிரைசிக்கிள் ஆட்டோவில் வழியெல்லாம் அவள் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனார்.

"யாருக்கு சார் டாட்டா காட்டுறீங்க?" என்றான் டிரைவர்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுடா!"

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜோவலின், ஃபெலிசாவின் மோதிர விரல் நுனியில் ஊசியால் லேசாகத் தொட்டாள்.

"ஐயோ!" என்று ஃபெலிசா துள்ளினாள்.

"உணர்ச்சிக்கு ஒரு குறையும் இல்லையே!"

தியோதுலோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கட்டை நனைச்சது, சூப்பைக் கொட்டினது எல்லாம் நான்தான், சிஸ்டர். இவளைத் திட்டாதீங்க. வேற புதுசா போட்டுடுங்க."

"புதுசா எதுக்கு? கட்டுப் பிரிக்க வாங்கன்னு போன வாரமே போன் பண்ணேனே! 'இத்தனை வருஷத்துல இப்பத்தான் கையைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்'னு இவங்கதான் சொல்லிட்டாங்க."