ஷார்ஜாவிலிருந்து வந்த பளபளப்பு

ஒரு வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை பாவம். அதன் பிறகு அந்த வீட்டுக்குள் இங்கிலீஷில் எழுதிய எது வந்தாலும் அதன் கையில்தான் திணிப்பார்கள். மின்சார வாரிய நோட்டீஸ், இருமல் மருந்து, டிவியோடு வந்த புத்தகம், எல்லாவற்றுக்கும் அதுதான் அர்த்தம் சொல்ல வேண்டும். தெரியாது என்று சொல்லிவிட்டால், "இதுக்கா இத்தன வருஷம் பஸ்ஸு ஏறிப் போயிட்டு வந்தே?" என்று கேட்பார்கள். நாளடைவில் அந்தப் பிள்ளை 'தெரியாது' என்ற வார்த்தையையே மறந்துவிடும். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. (பாஸ்தான். எப்படி என்று கேட்காதீர்கள்.)

அத்தாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) குடவாசல் கடைத்தெருவில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை. அக்கா ஜமீலாவைப் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். அக்காவின் மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் நாங்கள் எப்போது போனாலும் வாசலிலேயே நிறுத்தி, "பஸ்ஸுலயா வந்தீங்க?" என்று கேட்பார். பஸ்ஸில்தான் போயிருப்போம். வேறு எதில் போவது? ஆனாலும் அந்தக் கேள்விக்கு அக்கா ஒவ்வொரு தடவையும் ஏதோ திருட்டுப் பொருளோடு பிடிபட்டவள் மாதிரி நிற்பாள்.

மச்சான் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தார். விதவிதமான புதுக் கார்கள் நம் ஊர் ரோடுகளில் தலைகாட்ட ஆரம்பித்திருந்த நேரம் அது. மச்சானும் ஒரு கார் வாங்கச் சொன்னார். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடவாசலில் எங்களோடு இருந்த அக்கா, "வெள்ளையா வாங்கலாமே" என்றாள். மச்சான் கறுப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அங்கே பெரிய மனிதர்கள் எல்லாரும் கறுப்புக் காரில்தான் போகிறார்களாம். காரும் வந்தது. எங்கள் தெருவில் எருமைக்கு அடுத்தபடியாக அவ்வளவு பெரிய கறுப்புப் பொருள் அதுதான்.

தை அறுவடை சமயத்தில் மச்சானின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை. கடைக்குப் போன் பண்ணி, "நான் வர முடியல. எனக்குப் பதிலா என் காரு வரும். மாப்பிள்ளை அதுலதான் பள்ளிவாசலுக்குப் போவணும். கண்ணாடி மாதிரி இருக்கணும் நூரு, உன்னத்தான் நம்பியிருக்கேன்" என்றார். ஊருக்கு வந்த ஒருவர் மூலம் ஒரு அட்டைப்பெட்டியும் அனுப்பியிருந்தார்.

பெட்டியைப் பிரித்தோம். சென்ட் இருக்கும் என்று அம்மா எதிர்பார்த்தார். டப்பா டப்பாவாக, பாட்டில் பாட்டிலாக வந்தது. வேக்ஸ், பாலிஷ், கிளேஸ், ஷாம்பூ, காம்பவுண்டு. எல்லாவற்றிலும் ஒரு பக்கம் அரபி, மறுபக்கம் இங்கிலீஷ். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அத்தா ஒரு சின்னக் கட்டியை எடுத்து மோந்து பார்த்தார். "இது என்னம்மா?"

"களிமண்ணு அத்தா."

"களிமண்ணா?"

"அப்படித்தான் போட்டிருக்கு. காருல தேய்க்கிறதாம்."

அத்தா அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். பிறகு, "நம்ம வாய்க்கால்ல இல்லாத களிமண்ணா? இத ஏரோப்பிளேன்ல வேற ஏத்தி அனுப்பியிருக்காரு" என்றார். மருமகனின் புத்தியைப் பற்றி அவருக்கு முதன்முறையாக ஒரு சந்தேகம் வந்தது அன்றுதான். நாங்கள் பேசியதைக் காதில் வாங்காத அம்மா அதை வாசனை சோப்பு என்று நினைத்து எடுத்துப்போய்க் குளித்துவிட்டு, நுரையே வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

கார் ஓட்ட செல்வராசு அண்ணனை அமர்த்தியிருந்தோம். வாழ்நாள் முழுக்க வெள்ளைக் காரே ஓட்டியவர். அவருக்குத் தெரிந்த பாலிஷ் எல்லாம் மண்ணெண்ணெயும் பழைய பனியனும்தான். அவரிடம் காம்பவுண்டு டப்பாவைக் காட்டினேன்.

"காம்பவுண்டுன்னா சுவருல்ல பாப்பா? சுவரோரமா நிறுத்திப் போடணும்போல" என்றார்.

நான் கெமிஸ்ட்ரி படித்தவள் அல்லவா? சிரித்துக்கொண்டேன். காம்பவுண்டு என்றால் சேர்மம். தண்ணீர் ஒரு சேர்மம், உப்பு ஒரு சேர்மம். அதை எதற்குக் காரில் தடவ வேண்டும் என்று மட்டும் எனக்கும் தெரியவில்லை. (யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதிலாவது காரை எங்கே நிறுத்துவது என்று ஒரு விவரம் இருந்தது.)

மச்சானுக்கே போன் போட்டேன். லைன் கிடைத்ததும் அவர் அவசரமாக, "முதல்ல பாலிஷ், அப்புறம் வேக்ஸ். அவ்வளவுதான்" என்றார்.

"மச்சான், ஒரு டப்பாவுல பாலிஷ் வேக்ஸ்னு இருக்கு. இன்னொண்ணுல வேக்ஸ் பாலிஷ்னு இருக்கு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று, "ஹலோ" என்றேன்.

"இருக்கேன், இருக்கேன். அப்ப முதல்ல பாலிஷ் வேக்ஸ். அப்புறம் வேக்ஸ் பாலிஷ்."

"வெயில்ல போடக் கூடாதுன்னு எழுதியிருக்கே?"

"அது இங்க உள்ள வெயிலு. நம்ம வெயிலெல்லாம் ஒண்ணும் பண்ணாது."

"அப்ப கிளேஸ் எப்ப போடணும்?"

"கிளேஸா? அப்படி ஒண்ணு இருக்கா? இந்தா பாரு நூரு, என் ரூம்ல ஒரு மலையாளத் தம்பி இருக்காரு. காரு கழுவுற எடத்துல வேல. அவருதான் இதெல்லாம் எடுத்துக் குடுத்தாரு. அவரு இப்ப டூட்டிக்குப் போயிட்டாரு. நீ படிச்ச புள்ளதானே, பாத்துப் போடு." லைன் நிஜமாகவே போய்விட்டது.

சரி, கும்பகோணத்தில் கார் சாமான் விற்கிற கடையில் கேட்கலாம் என்று பஸ் ஏறினேன். கடைக்காரர் நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கறுப்பு வண்டிக்குக் கறுப்புக்குன்னு உள்ளதத்தான் போடணும். எல்லாக் கலருக்கும் பொதுவா உள்ளதப் போட்டா வெளுத்துரும்மா" என்றார். "அப்படி ஒண்ணு குடுங்க" என்றேன். "அது நம்மகிட்ட இல்லியே" என்றார். திரும்பி வரும்போது என் தலையில் ஒரே ஒரு விஷயம்தான் ஓடியது: கறுப்புக்குக் கறுப்பு.

கல்யாணத்துக்கு முதல்நாள் மதியமே பேராவூரணிக்குக் கிளம்ப வேண்டும். காலையிலேயே காரை வெயிலில் நிறுத்தி, நானும் செல்வராசு அண்ணனும் வேலையை ஆரம்பித்தோம். பாலிஷ் வேக்ஸைத் தடவி, டப்பாவில் சொன்னபடி காய விட்டோம். காய்ந்தது. அப்படி ஒரு காய்ச்சல்! சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பிடித்துக்கொண்டு, துடைத்தால் வரவே இல்லை. அதை எடுக்க வேக்ஸ் பாலிஷைப் போட்டோம். அது வெள்ளையின் மேல் இன்னொரு வெள்ளையாக உட்கார்ந்தது. கடைசியில் காம்பவுண்டைப் போட்டுத் தேய்த்தோம். வெள்ளை போனது. கூடவே பளபளப்பும் போனது; காம்பவுண்டு என்பது பெயிண்டையே அராவி எடுக்கிற பசை என்று அப்போதுதான் தெரிந்தது. கார் இப்போது கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. விடிந்தும் விடியாத வானம் மாதிரி ஒரு நிறம்.

அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நூரு, நல்லாயிடுமாடி?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் பெட்டியின் அடியில் கிடந்த அந்த பாட்டில் என் கண்ணில் பட்டது. பெரிய எழுத்தில், கறுப்பை மறுபடியும் ஆழ்ந்த கறுப்பாக்கும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. கீழே அமாவாசை நிலா மாதிரி கறுப்பாக ஒரு வட்டம் படம் போட்டிருந்தது. கும்பகோணத்துக் கடைக்காரர் சொன்னது இதுதான்! ஒரு சொட்டு எடுத்துக் கதவில் தடவினேன். யா அல்லாஹ், அந்த இடம் அப்படியே கிணற்றுத் தண்ணீர் மாதிரி மின்னியது. என் முகம் தெரிந்தது. செல்வராசு அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

பாட்டில் முழுவதையும் தடவித் தீர்த்தோம். "கண்ணாடிக்கும் போடவா பாப்பா?" என்றார் அவர்.

"கண்ணாடி கறுப்பாண்ணே?"

"இல்லியே."

"அப்ப வேண்டாம்."

(அன்று நான் எடுத்த ஒரே சரியான முடிவு அது. காரணம்தான் தப்பு.)

தெருவே வந்து பார்த்தது. அத்தா காரின் முன்னால் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எம் பொண்ண படிக்க வச்சது வீண் போவல" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் அவர் சொன்னதை நான் காதால் கேட்டேன். கை பிசுபிசுவென்று இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அதை யார் கவனித்தார்கள்?

அத்தாவும் அம்மாவும் பிள்ளைகளோடு மறுநாள் வருவதாக ஏற்பாடு; அக்காவும் நானும் காரில் கிளம்பினோம். மன்னார்குடி வரைக்கும் ராஜ பயணம். அதைத் தாண்டியதும் ரோட்டில் வைக்கோலைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்தால் ஒட்டியிருக்கிற மிச்ச நெல் உதிரும் என்பதற்காக வழக்கமாகச் செய்வதுதான். எங்களுக்கு முன்னால் ஒரு லாரி போனது. அது கிளப்பிய வைக்கோலும் பதரும் தூசியும் எங்கள் மேல் பறந்து வந்தன. பறந்தால் பறந்து போய்விடும் என்றுதான் நினைத்தோம். போகவில்லை. வந்தது எல்லாம் காரிலேயே தங்கிவிட்டது.

"அண்ணே, என்ன இது, ஒட்டுது?" என்றாள் அக்கா.

"காத்து நின்னா உதுந்துரும்மா" என்றார் அவர். காற்று நின்றது. உதிரவில்லை. நடுவில் இறங்கி நான் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணியும் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்து எடுத்தபோது அதன் நூல்கள் வைக்கோலோடு சேர்ந்துகொண்டன. பட்டுக்கோட்டை வருவதற்குள் இன்னும் எத்தனையோ களத்துத் தூசி எங்கள் மேல் படிந்தது. ஏதோ ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எங்களைப் பார்த்து எழுந்து நின்றார்கள். மரியாதைக்கு என்று தோன்றவில்லை. அக்கா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். நான், அந்த பாட்டிலில் எழுதியிருந்த சிலிக்கான் என்றால் என்ன என்று கல்லூரியில் எந்த வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

கல்யாண வீட்டு வாசலில் பந்தல் போட்டு, உறவெல்லாம் கூடியிருந்தது. கார் வந்து நின்றது. யாரும் கிட்டே வரவில்லை. மாமியார் வெளியே வந்து பழக்கத்தில், "பஸ்ஸுல..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு, "யாரு வூட்டு வைக்கப்போரு இது?" என்று கேட்டார்.

"காருங்கம்மா" என்றார் செல்வராசு அண்ணன், ரொம்ப மெல்லிய குரலில்.

உள்ளே அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் எறங்க மாட்டேன். திருப்பச் சொல்லு. நான் எறங்கவே மாட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் நான் கற்ற கெமிஸ்ட்ரியை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கார் வாங்காத நாளுக்குப் போய்விட முடியாதா என்று இருந்தது.

அப்போது ஆடுகள் வந்தன. கல்யாணத்துக்கு வாங்கிக் கட்டியிருந்த ஆடுகள் எப்படியோ அவிழ்த்துக்கொண்டு வந்து, காரைச் சுற்றி நின்று வைக்கோலைத் தின்ன ஆரம்பித்தன. ஒன்று பானெட்டின் மேல் முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டது. ஒன்று அக்கா இருந்த பக்கத்துக் கண்ணாடியில் மூக்கை வைத்து அவளையே பார்த்துக்கொண்டு மென்றது.

மாமியார் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். "அடியே, ஆட்டப் புடிச்சுக் கட்டுங்கடி! குடவாசல்லேர்ந்து வந்துட்டாங்க!" என்று கத்தினார். அவர் ஒரு பக்கம் விரட்ட, ஆடுகள் மறுபக்கம் வந்து தின்றன. காரைச் சுற்றிச் சுற்றி ஓடியவர் கடைசியில் மூச்சு வாங்க டயரோரம் உட்கார்ந்துவிட்டார். என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து அக்கா கதவைத் திறந்துகொண்டு குதித்தாள். கிட்டே போய்ப் பார்த்தால் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து எழுந்து, "என்னத்தடி தடவுனீங்க?" என்றார். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். என்னைக் காட்டி, "இவதான் மாமி. படிச்சவ" என்றாள்.

அந்தி சாயும் வரைக்கும் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து துணி சோப்பும் தேங்காய் நாரும் போட்டுக் காரைத் தேய்த்தார்கள். பேராவூரணியில் நாருக்கா பஞ்சம்? வைக்கோல் போனது, பிசுக்கும் போனது. பாத்திரம் தேய்க்கிற மாதிரி வட்ட வட்டமாகத் தேய்த்த தடம் மட்டும் கார் முழுக்க நின்றுவிட்டது. மறுநாள் அதில் முழம் முழமாகப் பூவைச் சுற்றி மறைத்தார்கள். மாப்பிள்ளை அதில்தான் பள்ளிவாசலுக்குப் போனார். மாமியார் பார்க்கிறவர்களிடம் எல்லாம், "எம் மருமவ காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பஸ்ஸைப் பற்றி அதன்பிறகு அவர் கேட்டதே இல்லை.

கல்யாண வீடியோ கேசட் ஷார்ஜாவுக்குப் போனது. மச்சான் ரூமில் எல்லாரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டியிருக்கிறார். அன்றே போன் வந்தது.

"நூரு, காரு எப்ப சாம்பல் கலரு ஆச்சு?"

நான் நடந்ததைச் சொன்னேன். பாட்டிலின் அடையாளமும் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் மலையாளத் தம்பியிடம் என்னவோ கேட்பதும், அந்தத் தம்பி 'அய்யோ' என்று அலறுவதும் கேட்டது. மச்சான் திரும்பி வந்து, "அது டயருக்குப் போடுறதாம்" என்றார். பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். வட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது. அந்த வட்டம் நிலா இல்லை, டயர்.

மச்சான் அடுத்து வாங்கிய கார் வெள்ளை. அதை நான் தொடக் கூடாது என்பது இன்று வரைக்கும் சட்டம். நானும் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரியே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். (காம்பவுண்டு பாடம் வரும்போது மட்டும் வேகமாக நடத்திவிடுவேன்.) இன்றைக்கும் பேராவூரணியில் ஒரு விசேஷம் என்று போய் இறங்கினால், அந்தக் காரைக் கண்ணால்கூடப் பார்த்திராத பொடிசு ஒன்று பந்தலுக்குள் ஓடும். ஓடிக்கொண்டே கத்தும்:

"குடவாசல் வந்துட்டாங்க, ஆட்டப் புடிச்சுக் கட்டுங்க!"