அண்ணனின் தோணியைச் சட்டப்படி மீட்ட கதை

சட்டம் தெரியாதவர் பொலிஸ் நிலையத்துக்குப் போனால் அவரை அலைக்கழிப்பார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர் போனால் அவர்களுக்கு அந்த வேலையும் மிச்சம். தன்னைத் தானே அலைக்கழித்துக்கொள்வார், கூடவே குடும்பத்தையும் இழுத்துக்கொண்டு.

நான் பெரியகல்லாற்றில் குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிறேன். பொலிசார் எதைக் கைப்பற்றலாம், எதைக் கைப்பற்ற ஏலாது என்று நான் பாடம் நடத்தினால் கடைசி வாங்கில் தூங்குகிறவனும் எழும்பி உட்காருவான் (என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது).

என் அண்ணனுக்குச் சொத்து என்று இருந்தது ஒரு மரத்தோணி. வாவியில் இறாலும் நண்டும் பிடித்துத்தான் அவர் வீடு நடந்தது. மாரியில் வாவி நிரம்பியதும் ஆற்றுவாயை வெட்டிக் கடலோடு சேர்ப்பார்கள். அப்போது இறால் கடலுக்கு ஓடும். அந்தக் கொஞ்ச நாள் உழைப்புத்தான் அண்ணன் வீட்டு வருஷச் சோறு.

வாவி தளும்பிக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வளவுக்காரர் வந்து தோணியைக் கேட்டார். எங்கள் பக்கத்தில் தோணி கேட்டு வந்தவரிடம் எதற்கென்று கேட்பது அவரைக் கள்ளன் என்று சொல்வதற்குச் சமம். அண்ணன் கேட்கவில்லை. மனுசன் அக்கரையில் அனுமதியில்லாமல் மண் அள்ளிக்கொண்டு வரும்போது பிடிபட்டார். வாக்குமூலம் எடுத்துக்கொண்டு அவரை வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். தோணி பொலிஸ் வளவில் நின்றுவிட்டது.

அண்ணன் போய்ப் பொறுப்பதிகாரியைக் கண்டிருக்கிறார். அவர் தெற்கிலிருந்து வந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பின்னேரம் வாருங்கள், இரண்டு பேரையும் எச்சரித்துவிட்டுத் தோணியைத் தருகிறேன் என்றிருக்கிறார். அண்ணன் அதைச் சந்தோஷமாக வந்து சொன்னார். எனக்கு இரத்தம் கொதித்தது. நம்முடைய பொருளை எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் பிச்சை போடுவதுபோல் தருவதா? நானும் வருகிறேன் என்று குடையை எடுத்தேன்.

"நீ ஒண்டும் செல்லாத கா. பேசாம என்னோட வந்து நிண்டாப் போதும்" என்றார் அண்ணன்.

நான் பேசாமல் நின்றதாகச் சரித்திரமே இல்லை. பொறுப்பதிகாரி நாற்காலியைக் காட்டினார். நான் உட்காராமலே தொடங்கினேன். எந்தச் சட்டத்தின் கீழ் எடுத்தீர்கள், பற்றுச்சீட்டு எங்கே, கைப்பற்றிய பொருளை உடனே நீதவானுக்கு அறிவிக்க வேண்டும் என்று தெரியாதா, அது யாரிடம் போவது என்று தீர்மானிக்க நீங்கள் யார்? அண்ணன் பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்தார். நான் குடையால் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

பொறுப்பதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம்.

"ரீச்சர் சொல்றது சரி. நான்தான் பிழை செய்யப் பாத்தேன்" என்றார். "நாங்க சட்டப்படியே செய்வம்."

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஓட்டோவில் வரும்போது அண்ணனுக்கு அடிப்படை உரிமைகளை விளக்கினேன். அவர் வீதியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சட்டப்படியே செய்தார்கள். தோணி சான்றுப்பொருள் ஆனது. கோட்டுக்கு அறிக்கை போனது, வழக்குத் தவணை வந்தது. ஒரு தவணைக்கு நீதவான் விடுமுறை, இன்னொன்றுக்கு மண்ணைப் பற்றிய அறிக்கை வரவில்லை. இடையில் ஆற்றுவாயை வெட்டினார்கள். ஊரே வலையோடு தண்ணீரில் நின்றபோது அண்ணன் கரையில் நின்றார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் வேறு வீதியால் பாடசாலைக்குப் போய்வந்தேன்.

பாடத்தின் மறுபாதியைக் கோட்டில்தான் படித்தேன். பொலிஸ் எடுத்ததை நீதவானிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் குற்றம் நடக்காமலிருக்க முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தேன் என்று சொந்தக்காரர்தான் காட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் தோணி அரசாங்கத்துக்காம். தோணியைக் கொடுக்கும்போது எதற்கென்று விசாரித்தீரா என்று நீதவான் கேட்டார். அண்ணன் சாட்சிக் கூட்டில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு நீதவானைப் பார்த்தார்.

"அயலுக்குள்ள இரிக்கிற மனுசன். அதெப்படி ஐயா கேக்கிற?"

எங்கள் சட்டத்தரணி கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியில் நீதவான் இரக்கப்பட்டு, இது முதல் தடவை என்று எச்சரித்துத் தோணியை விட்டார். (பொறுப்பதிகாரி அன்று பின்னேரமே செய்யவிருந்ததும் அதுதான்.)

எடுக்கப் போனால், வெயிலில் காய்ந்து பலகைகள் வாய் பிளந்திருந்தன. உள்ளே ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. கொன்ஸ்தாபிள் குட்டிகளைப் பக்குவமாக இறக்கி வைத்துவிட்டு, கேட்காமலே எனக்கொரு பற்றுச்சீட்டுத் தந்தார். வாவியில் இறக்கிய தோணி அண்ணன் ஏறுவதற்கு முன்பே தண்ணீரால் நிறைந்துவிட்டது.

அன்று அவர் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஏசவில்லை. அடுத்த மாரி வரை இன்னொருவரின் தோணியில் பங்குக்குப் போனார். நான் பேசியதில் ஒரு சொல்லும் பிழையில்லை என்பதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது. எல்லாம் சரியாகச் சொல்லித்தான் அண்ணன் வீட்டுச் சோற்றில் மண்ணைப் போட்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் யாருடைய பொருளை யார் பறித்தாலும் ஒரே பேச்சுத்தான். போன மாதம் அண்ணன் மகளின் போனை வகுப்பில் வாங்கி வைத்துவிட்டார்களாம். "மாமிக்கு மட்டும் செல்லிராதீங்க, போன் கோட்டுக்குப் போயிரும்" என்றாள் என்னைக் காட்டி. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். பிறகு அவர் மனைவி இறால் குழம்பை அவர் பக்கம் நகர்த்தினார். அண்ணன் போதும் என்று எழும்பிக் கைகழுவப் போனார். அவர் சாப்பிட்ட கோப்பையில் சோறு பாதிக்கு மேல் கிடந்தது.