நாற்பத்து மூன்றாவது ‘இல்லை’

“தம்பி, எடை வரல” என்றது போன்.

“யாரு சார் பேசறது?” என்று தெரிந்துகொண்டே கேட்டான் பூபாலன்.

“நான்தான் தம்பி, இராமகிருஷ்ணன். செம்பரம்பாக்கம் எடைமேடை. மேடை மேல லோடு லாரி நிக்குது, கம்ப்யூட்டர்ல முட்டை காட்டுது. பின்னாடி ஏழு லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டிருக்கான், கேக்குதா?”

கேட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூபாலனுக்கு, ஏழு ஹாரனும் தன்னைப் பெயர் சொல்லித் திட்டுவதாகவே பட்டது. அப்படிப் படுவதற்குக் காரணம் இருந்தது.

பூபாலன் வேலை செய்யும் சின்னக் கம்பெனி, லாரிகளை எடை போடும் மேடைகளுக்குக் கணினிப் பெட்டி செய்து கொடுக்கிறது. பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்னும் இயங்குதளம். அதன் அடியில் இருந்து எல்லாச் சாதனங்களையும் இயக்கும் கெர்னல் என்ற மென்பொருளைக் கம்பெனியே தனக்கு வேண்டியபடி தயாரித்துக்கொள்ளும். எந்தெந்தச் சாதனத்தோடு பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று கெர்னலுக்குச் சொல்ல ஒரு பட்டியல் உண்டு. ஆயிரக்கணக்கான வரிகள், ஒவ்வொன்றுக்கும் ‘வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’ போட வேண்டும். இருபது வருஷமாக ‘வேண்டும்’ போடத்தான் ஆள் இருந்ததே தவிர, ‘வேண்டாம்’ போட யாருக்கும் தைரியம் வரவில்லை. பிளாப்பி, பழைய மோடம், செய்த கம்பெனியே மூடிப்போன சவுண்ட் கார்டு என்று எல்லாம் உள்ளே வாடகை இல்லாமல் குடியிருந்தன.

“பெட்டி ஆன் ஆகவே ரெண்டு நிமிஷம் ஆகுது. சுத்தம் பண்ணுங்க பூபாலன்” என்றார் கம்பெனியை நடத்தும் சாமுண்டீஸ்வரி மேடம். “ஆனா ஒரு கண்டிஷன். எதை எடுத்தாலும் நாப்பத்து மூணு கஸ்டமருக்கும் போன் போட்டு, ‘இது உங்ககிட்ட இருக்கா’ன்னு கேட்டுட்டுத்தான் எடுக்கணும்.”

பூபாலன் ஆசையாகத்தான் ஆரம்பித்தான். போகிக்கு வீட்டை ஒழிப்பதில் ஒரு சுகம் இருக்கிறதே, அந்தச் சுகம் இதிலும் இருந்தது. ஒவ்வொரு ‘வேண்டாம்’ போடும்போதும் உடம்பே லேசானது. கடைசியாக ஒரு பழைய சீரியல் கார்டு மிஞ்சியது. மேடையிலிருந்து எடையை வாங்கிக் கணினியிடம் கொடுக்கும் கார்டு. ஒரு காலத்தில் ராஜாவாக இருந்தது. இப்போது எங்கு பார்த்தாலும் யுஎஸ்பி. நாற்பத்திரண்டு பேருக்குப் போன் செய்தான். நாற்பத்திரண்டு பேரும் இல்லை என்றார்கள். நாற்பத்து மூன்றாவது பெயர் இராமகிருஷ்ணன்.

இராமகிருஷ்ணன் ஆவடியில் ராணுவ வண்டித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைக்குத்தான் ஓய்வு, வாய்க்கு இன்னும் உத்தரவு வரவில்லை. ‘ஹலோ’ என்றால் போதும், முழங்கால் வலியில் கிளம்பி, குவார்ட்டர்ஸில் வளர்த்த நாயின் குணநலன்களைத் தொட்டு, செம்பரம்பாக்கத்தில் மனை வாங்கி எடைமேடை போட்ட வரலாறு வரைக்கும் வந்துதான் நிற்பார். நாற்பது நிமிஷம் நிச்சயம். அன்று வெள்ளிக்கிழமை. மணி ஐந்தே முக்கால். ஆறு மணி ரயிலைப் பிடித்து ஆவடியில் இறங்கினால்தான் கோவில்பதாகை வீட்டுக்கு வெளிச்சத்தில் போய்ச் சேரலாம்.

பூபாலன் போனைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு நாற்பத்து மூன்றாவது பெயருக்கு நேராக ‘இல்லை’ என்று தானே எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுவிட்டு ஓடினான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. திங்கட்கிழமை மீட்டிங்கில் மேடம் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். “கேட்டேன்னு பூபாலன் சொன்னா, கேட்டிருக்கார்னு அர்த்தம். இனிமே புதுசா வர்றவங்களுக்கு இவர்தான் வேலை கத்துக்கொடுப்பார்.” எல்லோரும் கை தட்டினார்கள். தாளைத் தண்ணீர் கேனுக்கு மேலே சுவரில் ஒட்டினார்கள். அன்றிலிருந்து பூபாலன் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தான். போன வாரம் புது கெர்னல் பென்டிரைவில் ஏறி, கூரியரில் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் போயிற்று. கம்பெனியின் முதல் வாடிக்கையாளர் இராமகிருஷ்ணன்தான், அவரிடம் இருப்பது ஆகப் பழைய பெட்டி, அந்தக் கார்டு அதில் இல்லாமல் வேறெதில் இருக்கும் என்பது, கூரியர்காரன் போன பிறகுதான் பூபாலனுக்கு உறைத்தது.

இப்போது போன் வந்துவிட்டது.

“ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்றான் மெல்லிய குரலில்.

மூன்று நிமிஷம் கழித்து இராமகிருஷ்ணன் திரும்ப வந்தார். “தம்பி, இருந்த முட்டையும் போச்சு. பாஸ்வேர்டு கேக்குது.”

பூபாலன் கம்பெனி பாஸ்வேர்டைச் சொன்னான்.

“தப்புங்குது.”

எழுத்து எழுத்தாகச் சொன்னான்.

“அதுவும் தப்புங்குது.”

“இன்னொரு தடவ அடிச்சுப் பாருங்க சார்.”

அடித்தார்கள். பெட்டி கீச்சென்று கத்திவிட்டுப் பூட்டிக்கொண்டது. நம்ம பெட்டி இப்படிப் பூட்டிக்கொள்ளாதே என்று பூபாலனுக்கு ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடியே, ஒழிக்கிற வேகத்தில் வேறு எதையோ சேர்த்து ஒழித்துத் தொலைத்துவிட்டோம் என்று முடிவு கட்டிக்கொண்டான். அவன் இருந்த நிலையில், எஸ்டேட்டில் கரண்ட் போயிருந்தால்கூடத் தன்னால்தான் என்று நம்பியிருப்பான்.

“கேபிளை எலி கடிச்சிருக்கும் சார்” என்றது அவன் வாய். மூளைக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. “மேடைக்குக் கீழ கொஞ்சம் பாத்துக்கிட்டிருங்க. நான் நேர்ல வரேன்.”

“எலியா? இருக்கும் தம்பி, இருக்கும்! உங்கள மாதிரி ஒரே ரிங்குல எடுத்துப் பதில் சொல்ற ஆளு இந்தக் காலத்துல யாரு இருக்கா? நீங்க நல்லா இருக்கணும்.”

பூபாலனுக்குக் காது மடல் எரிந்தது. ஒரே ரிங்கில் எடுத்ததற்குக் காரணம், இரண்டாவது ரிங் மேடம் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுதான். வயசானவர் வாழ்த்துகிற வாழ்த்து ஒவ்வொன்றும் அறை மாதிரி விழுந்தது.

அவசரமாகப் பட்டியலைத் திறந்தான். சீரியல் கார்டைத் தேடிப்பிடித்து ‘வேண்டும்’ என்று மாற்றினான். கெர்னலை மறுபடி தயாரிக்கச் சொல்லிவிட்டு, திரையில் ஓடும் வரிகளை உடம்பால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“என்ன ஓடுது பூபாலன்?” மேடம் பின்னாலேயே நின்றிருந்தார்.

“சும்மா... டெஸ்ட் மேடம்.”

மேடம் குனிந்து பார்த்தார். “எடுத்ததைத் திரும்பப் போட்டு, வித்தியாசம் பாக்கறீங்களா? யாருமே கேக்காமலா?” நிமிர்ந்து மொத்த ஆபீஸுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “எல்லாரும் இங்க வாங்க. வேலைன்னா எப்படிச் செய்யணும்னு வந்து பாருங்க!”

பன்னிரண்டு பேர் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தன் போட்டோ எடுத்தான். பூபாலன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தரை பிளந்து வழிவிட்டிருந்தால் நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருப்பான்.

கெர்னல் தயாராவதற்குள் போன் மறுபடி வந்தது. கழிப்பறைக்குள் ஓடிப்போய் எடுத்தான்.

“தம்பி, மேடை ஓரத் தகட்டைத் தூக்கிட்டோம். எலி இல்ல.”

“அப்பாடா.”

“பாம்பு இருக்கு.”

“என்ன சார் சொல்றீங்க?”

“மழைத்தண்ணி உள்ள நிக்குதில்ல, ஏரிப் பக்கத்துலேர்ந்து வந்திருக்கு. லாரிக்காரனுங்க எல்லாம் வண்டிய அப்படியே போட்டுட்டு ஓடிட்டானுங்க. தகட்டைத் தூக்கினதால மேடையில இருக்கற லாரிய இறக்கவும் முடியல. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியிருக்கேன். அது வந்து முனையில நிக்குது. லாரி அடைச்சுக்கிட்டிருக்கறதால உள்ள வர முடியல.”

பூபாலன் சுவரில் சாய்ந்துகொண்டான். காலையில் ஒரு லாரிக்கு எடை வரவில்லை. அவன் உதவி செய்யத் தொடங்கிய ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பாம்பு, ஒரு தீயணைப்பு வண்டி, பாதி பூந்தமல்லிக்குப் போக்குவரத்து நெரிசல். ஆறு மணி ரயிலை விட்டுவிட்டு அந்த நாற்பது நிமிஷம் நாய்க் கதை கேட்டிருக்கலாம். நாயின் பெயர்கூட இன்னும் நினைவிருந்தது.

பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நைசாக வாசலுக்கு வந்தவனை மேடம் பிடித்தார். கையில் கார் சாவி.

“செம்பரம்பாக்கம்தானே? உங்க போன் பிஸின்னு அவர் ஆபீஸ் நம்பருக்கே அடிச்சுட்டார். நான்தான் எடுத்தேன். உங்களப் புகழ்றார் பூபாலன், புகழ்ந்து தள்றார்! நம்ம முதல் கஸ்டமர், நானும் வரேன்னு சொன்னேன். பாவம், ‘வேணாம் மேடம், உங்களுக்கு எதுக்கு சிரமம், வேணவே வேணாம்’னு அஞ்சு தடவ சொன்னார். எவ்வளவு நல்ல மனுஷன்!”

அயப்பாக்கம், திருவேற்காடு என்று கார் போய்க்கொண்டிருந்தது. மேடம் வழியெல்லாம் நேர்மையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். சொல்லிவிடலாம் என்று பூபாலன் ஒவ்வொரு சிக்னலிலும் வாயைத் திறந்தான். ஒவ்வொரு சிக்னலிலும் பச்சை விழுந்தது.

எடைமேடையில் திருவிழாக் கூட்டம். பாம்பு தானாகவே கிளம்பிப் போய்விட்டிருந்தது; அதைப் பார்க்க வந்தவர்கள் போகவில்லை. கம்ப்யூட்டர் அறைக் கதவுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு, இரண்டு கையிலும் இளநீரோடு நின்றார் இராமகிருஷ்ணன்.

“வாங்க மேடம். முதல்ல இளநி சாப்பிடுங்க.”

“அப்புறம் சாப்பிடலாம் சார். பெட்டி எங்க?”

“உள்ளதான். ஒரே தூசி மேடம், உங்க புடவை கெட்டுடும்.”

“பரவாயில்ல சார்.”

“சாவி முனியம்மாகிட்ட இருக்கு. எடை போடற அம்மா. டீ குடிக்கப் போயிருக்கு. வர நேரமாகும். நீங்க இன்னொரு நாள்கூட வரலாம்...”

பேசிக்கொண்டே அவர் பூபாலனைப் பார்த்தார். கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. பூபாலனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பெரியவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு பையன் வேலையை இழக்கக் கூடாதே என்று, தன் தொழில் நாசமாய்ப் போகிற நேரத்திலும் அவனைக் காப்பாற்றப் பார்க்கிறார்! இதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

“மேடம், நான் இவருக்குப் போனே பண்ணல.”

“இப்பதானே பேசினீங்க?”

“அன்னைக்கு. லிஸ்ட் எழுதின அன்னைக்கு. அந்தக் கார்டு இவர்கிட்ட இருக்கான்னு நான் கேக்கவே இல்ல. ட்ரெயினுக்கு நேரமாச்சுன்னு நானே ‘இல்லை’ன்னு எழுதிட்டேன். அத கெர்னல்லேர்ந்து எடுத்ததாலதான் இங்க எடை வரல. எலி கடிச்சதுன்னு சொன்னதும் பொய். எல்லாமே பொய் மேடம்.”

லுங்கியை மடித்துக் கட்டியிருந்த லாரிக்காரர் ஒருவர், “அப்போ பாம்பு, நைனா?” என்று கேட்டார்.

மேடம் கத்தியிருந்தால் பூபாலன் பிழைத்திருப்பான். அவர் கத்தவில்லை. “கையெழுத்துப் போட்டிருந்தீங்களே பூபாலன்” என்றார். “நான் அத சுவத்துல ஒட்டி வச்சிருக்கேனே.” அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூபாலனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

இராமகிருஷ்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான். இளநீர் இருவர் மேலும் தளும்பியது. “என்னை மன்னிச்சுடுங்க சார். உங்க பொழப்பையே கெடுத்துட்டேன்.”

“விடுங்க தம்பி. மேடம் முன்னாடி எதுக்கு இதெல்லாம்? விடுங்க” என்றார் அவர், அவனைவிடக் கூனிக் குறுகி, தலையை நிமிர்த்தாமல். இப்படியும் ஒரு மனுஷனா என்று பூபாலனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“இல்ல சார். பழைய கார்டைச் சேர்த்து புது கெர்னல் கொண்டு வந்திருக்கேன். என் கையாலயே போட்டுச் சரி பண்ணிட்டுத்தான் போவேன். கதவ மட்டும் திறங்க.”

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க வந்து சேர்ந்தாள் முனியம்மா. இராமகிருஷ்ணன் கண்ணைக் காட்டினார், கையை ஆட்டினார். அவள் எதையும் கவனிக்காமல் பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளிவிட்டு, பூபாலன் நீட்டிக்கொண்டிருந்த பென்டிரைவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இத்த எதுல சொருவப் போற சார்? உங்க பொட்டியத்தான் ஆடி மாசமே கயட்டி மூலைல போட்டாச்சே! இங்க ஓடிக்கினு கீறது வேற கம்பெனி பொட்டி. அவனுங்க போன எடுக்கவே மாட்டேன்றானுங்க, நீதான் ஒரே ரிங்குல எடுக்கற, அதான் அய்யா உனுக்கு அடிச்சாரு.”